வான்கோழி அழைப்பு சரியாக வரவில்லையா? அறிகுறியிலிருந்து பழுதைப் பிடிக்கும் வழி

அமெரிக்கக் காடுகளில் வசந்த காலத்தில் சேவல் வான்கோழி முழங்கும். பெட்டை அந்தக் குரலைத் தேடிப் போகும். வேட்டைக்காரர் ஒரு கருவியால் பெட்டையின் குரலைக் கொடுத்துச் சேவலைத் தன்னிடம் வரச் சொல்கிறார். அதாவது, பறவையின் வழக்கத்தைத் தலைகீழாகத் திருப்பச் சொல்கிறார். இதனால்தான் அழைப்பில் சின்னக் குறை இருந்தாலும் பெரிய விலை கொடுக்க வேண்டியிருக்கிறது.

சத்தம் சரியில்லை என்றதும் பெரும்பாலானவர்கள் அடுத்த கருவியை வாங்கிவிடுகிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். பழுது இருக்கக்கூடிய இடங்கள் நான்குதான்: கருவியின் மேற்பரப்பு, பிடிக்கும் கை (அல்லது நாக்கு), தாளம், நீங்கள் உட்கார்ந்திருக்கும் இடம். இதே வரிசையில் சோதித்துக்கொண்டு வாருங்கள். மேற்பரப்பைச் சோதிக்க ஒரு நிமிடம் போதும். தாளத்தைத் திருத்த ஒரு பருவமே ஆகலாம். எளிதானதை முதலில் விலக்கிவிட்டால் கடினமானதில் முழு மனதோடு உழைக்கலாம்.

இன்னும் எதுவும் வாங்காதவர்களுக்கு ஒரு வார்த்தை. கடையில் பாக்ஸ் கால், பாட் கால், மவுத் கால் என்று கேட்டால் எடுத்துத் தருவார்கள். இங்கே அவற்றைப் பெட்டி, வட்டு, வாய்க் கருவி என்று குறிப்பிடுகிறேன். பெட்டி கற்க எளிது, சத்தம் வெகுதூரம் போகும், காற்று வீசும் நாளுக்கு ஏற்றது. வட்டு என்பது ஸ்லேட், கண்ணாடி அல்லது அலுமினிய மேற்பரப்பை ஸ்ட்ரைக்கர் என்ற குச்சியால் உரசி ஒலி எழுப்பும் கருவி. மென்மையான குரல்களுக்கு அதை மிஞ்ச ஆளில்லை. வாய்க் கருவிக்குக் கை தேவையில்லை, ஆகவே பறவை பக்கத்தில் வந்தபின் பயன்படுவது அதுதான். கற்கக் கடினமானதும் அதுதான். என் பரிந்துரை: ஒரு ஸ்லேட் வட்டு, இரண்டு வெவ்வேறு மரத்தில் செய்த ஸ்ட்ரைக்கர்கள். அவை கைவந்த பிறகு வாய்க் கருவி. பதிவுசெய்த ஒலியை ஒலிபெருக்கியில் போடும் மின்னணுக் கருவிகளைப் பெரும்பாலான மாநிலங்கள் தடை செய்திருக்கின்றன; உங்கள் மாநில விதிமுறைப் புத்தகத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அறிகுறி: ஸ்ட்ரைக்கர் வழுக்கிக்கொண்டு போகிறது, சத்தமே எழவில்லை

வட்டை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். உரசும் இடம் மட்டும் பளபளவென்று மின்னுகிறதா? ஸ்ட்ரைக்கரின் நுனியையும் திருப்பிப் பாருங்கள். மரத்தின் நிறம் மறைந்து, சாம்பல் பூத்த கண்ணாடி போல ஒரு மெல்லிய படலம் ஏறியிருக்கும். கல்லின் தூள் மர நுனியில் அழுந்தி இறுகிய படலம் அது. இந்த இரண்டு பளபளப்புகளும் ஒன்றையொன்று தொட்டால் உராய்வு இல்லை. உராய்வு இல்லையென்றால் ஒலி இல்லை.

ஸ்லேட் என்றால் பாத்திரம் தேய்க்கும் பச்சை நார் போதும். கண்ணாடி என்றால் 80 முதல் 120 வரையிலான கரடுள்ள உப்புத்தாள் வேண்டும். கருவியுடன் ஒரு சிறு தாளோ கல்லோ சேர்த்துக் கொடுத்திருந்தால் அதையே பயன்படுத்துங்கள். வட்டம் வட்டமாகத் தேய்க்காதீர்கள். ஒரே திசையில், ரூபாய் நாணயம் அளவு இடத்தில் மட்டும், மேற்பரப்பு மங்கும்வரை தேய்த்துத் தூளை ஊதிவிடுங்கள். பிறகு வட்டைத் திருப்பி, கீறல்களுக்குக் குறுக்காக உரசுங்கள். ஸ்ட்ரைக்கர் நுனியை உப்புத்தாளில் இரண்டு முறை சுழற்றினால் படலம் போய்விடும்.

இவ்வளவு செய்த கையோடு அந்த இடத்தை விரலால் தொட்டுப் பார்க்கத் தோன்றும். தொடாதீர்கள். விரலில் உள்ள எண்ணெய்ப் பசை ஒட்டிக்கொண்டால் மறுபடியும் வழுக்கும். சாப்பிட்ட கையோடு வட்டை எடுப்பது இன்னும் மோசம்.

அறிகுறி: சத்தம் வருகிறது, ஆனால் உள்ளே அடைத்தாற்போல இருக்கிறது

இது அநேகமாகப் பிடியின் குறை. வட்டின் அடிப்பக்கத்தில் துளைகள் இருக்கும். ஒலி வெளியேறும் வழி அதுதான். உள்ளங்கையில் வட்டைச் சப்பென்று வைத்தால் அந்த வழி அடைபடுகிறது. விரல் நுனிகளால் மட்டும் விளிம்பைப் பிடித்து, வட்டுக்கும் உள்ளங்கைக்கும் நடுவில் ஓர் இடைவெளி விடுங்கள். அந்த இடைவெளியைக் கூட்டிக் குறைத்தே குரலின் கனத்தை மாற்றலாம் என்பது பழகப் பழகத் தெரியும்.

அறிகுறி: காதைக் கிழிக்கும் கீச்சொலி

ஸ்ட்ரைக்கரை எழுதுகோல் போலப் பிடித்து, நுனி உங்கள் உடலை நோக்கிச் சற்றுச் சாயும்படி வையுங்கள். நேர் செங்குத்தாக நிறுத்தி அழுத்தினால் கீச்சிடும். மிக விளிம்பில் உரசினாலும் கீச்சிடும். விளிம்பிலிருந்து ஏறக்குறைய ஓர் அங்குலம் உள்ளே வந்து தொடங்குங்கள். மையத்தை நோக்கி நகர நகரக் குரல் தாழும். ஒவ்வொரு வட்டிலும் நல்ல ஒலி பிறக்கும் இடம் ஒன்று இருக்கும். அதைக் கண்டுபிடித்ததும் வட்டின் பக்கவாட்டில் பேனாவால் ஒரு கோடு போட்டுவிடுங்கள். இருட்டிலும் கை அங்கே தானாகப் போக வேண்டும் என்றால், பகலில் நீங்கள் பிடிக்கும் பிடி ஒவ்வொரு முறையும் ஒன்றாகவே இருக்க வேண்டும்.

நுனி மேற்பரப்பைவிட்டு எழவே கூடாது. யெல்ப் என்ற அடிப்படைக் குரலுக்கு ஒரு சிறு நீள்வட்டம். அடுத்த யெல்புக்கு அதே கோட்டில் இன்னொன்று. க்ளக் என்ற ஒற்றைக் குரலுக்குச் சற்று அழுத்தி, நுனி மில்லிமீட்டர் கணக்கில் சட்டென்று நகரும்படி ஓர் இழுப்பு. மேயும்போது பறவை எழுப்பும் பர்ர் என்ற நடுங்கு குரலுக்கு அழுத்தமே வேண்டாம்; ஸ்ட்ரைக்கரின் சொந்த எடை போதும், மெதுவாக இழுத்தால் நுனி தானே துள்ளித் துள்ளிப் போகும். பர்ர் வரவில்லை என்று சொல்பவர்களிடம் கையைத் தளர்த்தச் சொன்னாலே பாதிப் பேருக்கு வந்துவிடும்.

அறிகுறி: பெட்டியின் மூடி இழுபடுகிறது, கரகரக்கிறது, அல்லது சத்தம் மழுங்கிவிட்டது

பெட்டியின் இன்றைய வடிவத்துக்கு வேர், அர்கன்சாஸைச் சேர்ந்த ஹென்றி கிப்சன் 1897-இல் பெற்ற காப்புரிமை. பெட்டியின் மெல்லிய பக்கச்சுவரின் விளிம்பில் மூடி உரசுகிறது, மரம் அதிர்கிறது. வேலை செய்யும் விதம் இன்றும் அவ்வளவுதான். இதன் உயிர் சுண்ணத்தில் இருக்கிறது. எண்ணெயோ மெழுகோ கலக்காத சாக்பீஸை மூடியின் அடிப்பரப்பில் லேசாகத் தேய்க்க வேண்டும். பழைய சுண்ணம் பளபளத்து இறுகியிருந்தால் முதலில் பச்சை நாரால் மெல்ல எடுத்துவிடுங்கள். உப்புத்தாள் கூடாது, பக்கச்சுவரின் விளிம்பைத் தயாரித்தவர் காதால் கேட்டுக் கேட்டுச் சீவியிருப்பார், ஒரு தேய்ப்பில் அந்தச் சுருதி போய்விடும்.

அதே காரணத்தால் மூடியை இணைக்கும் திருகாணியையும் திருகாதீர்கள். சுண்ணம், ஈரம், பிடி ஆகிய மூன்றையும் சோதித்து முடித்த பிறகும் குரல் மாறியே இருந்தால் மட்டும், கால் சுற்றுக்கும் குறைவாகத் திருகிப் பாருங்கள். தொடங்கும் முன் திருகாணி இருந்த நிலையைப் பென்சிலால் குறித்துவைத்தால் திரும்பி வர வழி இருக்கும்.

மூடியை விளிம்பிலிருந்து தூக்கித் தூக்கி அடிப்பது அடுத்த குறை. கைப்பிடியை இரு விரல்களால் தளர்வாகப் பிடித்து வழுக்கவிடுங்கள். நடக்கும்போது பெட்டி தானாகக் கிறீச்சிட்டால் மூடிக்கும் பெட்டிக்கும் நடுவில் ஒரு துணித் துண்டை வைத்து ரப்பர் பேண்ட் போடுங்கள். காட்டில் வேண்டாத நேரத்தில் எழும் ஒரு கிறீச் அந்தக் காலையையே கெடுத்துவிடும்.

அறிகுறி: வாய்க் கருவியை வைத்ததும் குமட்டுகிறது

குதிரை லாட வடிவில் ஓர் அலுமினியச் சட்டம், அதில் இழுத்துக் கட்டிய ரப்பர் இதழ், சுற்றிலும் நாடா. இதை மேலண்ணத்தில் ஒட்டிவைக்க வேண்டும். இதழ் தெரியும் திறந்த பக்கம் முன்பற்களை நோக்கி இருக்க வேண்டும். குமட்டுகிறது என்றால் பின்னால் போய்விட்டது என்று பொருள், அல்லது உங்கள் அண்ணத்துக்கு அது பெரிது. நாடாவைக் கத்தரிக்கோலால் சிறிது சிறிதாக வெட்டிச் சரிப்படுத்தலாம், சட்டம்வரை வெட்டிவிடாதீர்கள். சிறு அளவுச் சட்டங்களும் கிடைக்கின்றன. முதல் சில நாட்கள் ஊதவே வேண்டாம், வேலை செய்யும்போது வாயில் வைத்துக்கொண்டிருங்கள். நாக்கு பழகிவிடும். ரப்பர் ஒவ்வாமை உள்ளவர்கள் லேடெக்ஸ் இல்லாத இதழ் கொண்டதைத் தேட வேண்டும்.

அறிகுறி: காற்று மட்டும் புஸ்ஸென்று போகிறது

பக்கவாட்டில் காற்று கசிகிறது. சட்டத்தை நடுவில் மிக லேசாக வளைத்து அண்ணத்தின் குவிவோடு பொருத்துங்கள், நாக்கால் மேலே அழுத்தி ஓரங்களை அடையுங்கள். இப்போது நாக்குக்கும் இதழுக்கும் நடுவில் ஒரு மெல்லிய வழி மட்டும் இருக்க வேண்டும். கன்னத்தை உப்பி ஊதாதீர்கள். குளிரில் கண்ணாடியில் ஆவி படிய ஊதுவோமே, அப்படி வயிற்றிலிருந்து காற்று வர வேண்டும்.

முதல் இலக்கு வான்கோழிக் குரல் அல்ல. நடுங்காத, நீளமான, ஒற்றை உயர் ஸ்வரம் ஒன்று போதும். அது நிலைத்து நின்றபின், ஊதிக்கொண்டே தாடையைக் கீழே இறக்குங்கள். நாக்கின் அழுத்தம் குறையும், ஸ்வரம் உடைந்து கரகரப்பான தாழ்குரலாக விழும். உயர்ந்ததிலிருந்து தாழ்ந்ததற்கு விழும் அந்த முறிவுதான் யெல்ப். பலர் இந்த முறிவு இல்லாமல் ஒரே ஸ்வரத்தில் கத்துகிறார்கள். ஒரே ஸ்வரம் மட்டும் வருகிறது என்றால் தாடை அசையவில்லை என்று எடுத்துக்கொள்ளுங்கள். ‘கீ-யாக், கீ-யாக்’ என்று வாயசைத்து ஊதினால் தாடை தானாக இறங்கும்.

உதட்டில் கூச்சமும் நமைச்சலும் வருவது இயல்பு, சில வாரங்களில் போய்விடும். தொடக்கத்தில் ஓர் இதழோ இரண்டு இதழோ உள்ள, வெட்டு இல்லாத கருவி நல்லது. பல இதழ்களும் விதவிதமான வெட்டுகளும் கரகரப்பைக் கூட்டும். அவற்றை ஊத அதிகக் காற்றும் கட்டுப்பாடும் வேண்டும்.

போன வருடம் நன்றாக இருந்த கருவி இந்த வருடம் பிசிறடிக்கிறதா? இதழை வெளிச்சத்தில் பாருங்கள். ஓரம் அலை அலையாக நெளிந்திருந்தால் ரப்பரின் ஆயுள் முடிந்தது, புதிது வாங்குங்கள். இதழ்கள் ஒட்டிக்கொண்டிருந்தால் மட்டும் ஈரப்படுத்திப் பிரிக்கலாம். ஒவ்வொரு முறையும் பயன்படுத்திய பின் நீரில் அலசி, உலர்த்தி, இதழ்களுக்கு நடுவில் தட்டையான பல்குச்சியை வைத்து, வெயில் படாமல் குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள்.

அறிகுறி: ஒலி சுத்தமாக இருக்கிறது, ஆனாலும் வான்கோழி போல இல்லை

இங்கே கருவிக்கும் கைக்கும் வேலை முடிந்தது. குறை தாளத்தில். என் கணிப்பில், காட்டில் தோற்கும் அழைப்புகளில் பெரும்பகுதி இந்த இடத்தில்தான் தோற்கிறது. சுருதி விலகினாலும் சேவல் வரும்; தாளம் தப்பினால் வராது. உண்மையான பெட்டைகளில் சில படுமோசமாகக் கத்தும், குரல் உடையும், தொண்டை கட்டியதுபோல இருக்கும். ஆனால் அவற்றின் தாளம் வான்கோழியின் தாளமாகவே இருக்கும்.

சாதாரண யெல்ப் தொடரில் மூன்று முதல் ஒன்பது குரல்கள்வரை இருக்கும். அவை ஒரே சீராக வரும், நடுவில் இழுக்காது, முடிவில் விரைவு கூடாது. புதிதாகக் கற்பவர் செய்யும் பிழை இரண்டு வகை. ஒன்று, பதற்றத்தில் வேகம் கூடிக்கொண்டே போவது. மற்றொன்று, தொடர் முடிந்ததும் பொறுக்காமல் அடுத்த தொடரைத் தொடங்குவது. பறவை கூப்பிட்டால் பதிலுக்குக் காத்திருக்கும். நீங்களும் காத்திருக்க வேண்டும்.

இதைத் திருத்தக் கைப்பேசி போதும். கார்னெல் பறவையியல் ஆய்வகத்தின் மெக்காலே ஒலி நூலகத்தில் காட்டுப் பெட்டைகளின் பதிவுகள் உள்ளன. ஒரே ஒரு பதிவைத் தேர்ந்தெடுங்கள். முதலில் கருவியைத் தொடாமல், அந்தத் தாளத்தைத் தொடையில் தட்டுங்கள். கண்ணை மூடிக்கொண்டு பதிவோடு ஒன்றாகத் தட்ட முடிந்தபின் கருவியை எடுங்கள். பிறகு கைப்பேசியை 50 கஜம் தள்ளி ஒரு மரத்தடியில் வைத்து உங்கள் அழைப்பைப் பதிவுசெய்து கேளுங்கள். காதருகே கேட்பது வேறு, சேவல் நிற்கும் தூரத்தில் கேட்பது வேறு. பக்கத்தில் இனிமையாக இருப்பது தூரத்தில் மெலிந்து போவதும், பக்கத்தில் கரகரப்பது தூரத்தில் அச்சு அசலாக ஒலிப்பதும் உண்டு. போட்டி மேடைகளில் கேட்கும் மெருகேறிய அழைப்புகளை அளவுகோலாக வைக்காதீர்கள், பறவையை வையுங்கள்.

பயிற்சியைக் காரிலோ வீட்டிலோ செய்யுங்கள், வேட்டையாடப் போகும் காட்டில் வேண்டாம். பருவத்துக்கு முன்பே பொய்க் குரல்களைக் கேட்டுப் பழகிய சேவல் பிறகு எதையும் நம்பாது. அதைவிட முக்கியமான காரணம் ஒன்று உண்டு. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்தப் பறவை பல மாநிலங்களில் அடியோடு இல்லாமல் போயிருந்தது. வலைவைத்துப் பிடித்து, காலியான காடுகளில் கொண்டுபோய்விட்டு, பல பத்தாண்டுகள் பாடுபட்டு மீட்டார்கள். இன்று அலாஸ்கா தவிர எல்லா மாநிலங்களிலும் அது இருக்கிறது. ஆனால் தென்கிழக்கில் மறுபடியும் சரிவு தெரிகிறது. இணைசேர்ந்து அடைகாக்கும் காலத்தில் விளையாட்டுக்காக அவற்றை அலைக்கழிக்க நமக்கு உரிமை இல்லை.

அறிகுறி: பக்கத்தில் வந்த பறவை, க்ளக் கொடுத்ததும் ஓடிவிட்டது

நீங்கள் கொடுத்தது க்ளக் அல்ல, பட். ஆபத்தைக் கண்ட வான்கோழி எழுப்பும் வெடுக்கென்ற எச்சரிக்கைக் குரல் அது. இரண்டும் ஒற்றைக் குரல்கள்தான். க்ளக் உருண்டு விழும், பட் கூர்மையாகவும் உரத்தும் குத்தும். க்ளக்கைச் சத்தம் குறைத்து, இடைவெளிவிட்டு, பின்னால் ஒரு பர்ர் சேர்த்துக் கொடுங்கள். பர்ர் சேர்ந்தால் மேய்ந்துகொண்டிருக்கும் பறவையின் குரலாகிவிடும்.

அறிகுறி: மழைத் தூறலில் எல்லாம் செத்துவிட்டது

ஈர ஸ்லேட்டும் ஈரச் சுண்ணமும் வேலை செய்யா. கண்ணாடி வட்டும் கார்பன் நுனி ஸ்ட்ரைக்கரும் ஈரத்தைத் தாங்கும். வாய்க் கருவிக்கு மழை ஒரு பொருட்டே அல்ல. பெட்டியை ரொட்டி வரும் பிளாஸ்டிக் பையில் போட்டு, பைக்குள் கையைவிட்டே ஒலிக்கலாம்.

அறிகுறி: சேவல் பதில் சொல்கிறது, வர மறுக்கிறது

இனி குறை உங்கள் குரலில் இல்லை, பதில் வந்துவிட்டதே. இடத்தையும் பொறுமையையும் பாருங்கள்.

விடியுமுன் மரத்தில் இருந்தபடியே முழங்கும் சேவலை விடாமல் கூப்பிட்டால், அது பெட்டை வரட்டும் என்று கிளையிலேயே காத்திருக்கும். மெல்லிய யெல்ப் மூன்று நான்கு போதும், அது திரும்பி முழங்கினால் வாயை மூடிக்கொள்ளுங்கள். தரையில் இறங்கியபின் 80, 90 கஜத்தில் நின்று முழங்கிக்கொண்டே இருந்தால் நடுவில் ஓடையோ வேலியோ புதரோ இருக்கிறதா என்று பாருங்கள். தடையைத் தாண்டி வருவதைவிட, பெட்டை தன்னிடம் வரும் என்று நிற்பதுதான் அதன் வழக்கம். அடுத்த முறை தடை நடுவில் வராத இடத்தில் உட்காருங்கள். இப்போதைக்கு அழைப்பை நிறுத்திவிட்டு, காய்ந்த இலைகளைக் கையால் கிளறுங்கள். ‘சர்க், சர்க்’ என்று இரண்டு, ஓர் இடைவெளி, மறுபடி ஒன்று. மேயும் பெட்டை அப்படித்தான் கிளறும். இரண்டு பேர் போயிருந்தால் அழைப்பவர் 30, 40 கஜம் பின்னால் போய் உட்காரட்டும். சேவல் அவரை நோக்கி நடந்தால் முன்னால் இருப்பவர் சுடும் தூரத்துக்குள் வந்துவிடும்.

முழக்கம் சட்டென்று நின்றுவிட்டால் எழுந்து போகாதீர்கள். நிறையச் சேவல்கள் கடைசித் தூரத்தை மௌனமாகவே நடந்து வரும். முக்கால் மணி நேரம் அசையாமல் இருங்கள்.

சேவலோடு ஏற்கெனவே பெட்டைகள் இருந்தால் அதைக் கூப்பிட்டுப் பயனில்லை. தலைமைப் பெட்டையிடம் பேசுங்கள். அது எழுப்பும் குரலை அப்படியே, அது முடிக்குமுன் குறுக்கிட்டு, இன்னும் உரக்கத் திருப்பிக் கொடுங்கள். சினந்து உங்களைத் தேடி வந்தால் சேவலும் பின்னால் வரும். வராவிட்டால் விட்டுவிட்டு முற்பகலில் திரும்புங்கள். பெட்டைகள் முட்டையிடக் கூட்டுக்குப் போனபின் சேவல் தனியாக இருக்கும். சில மாநிலங்களில் நண்பகலோடு வேட்டை நேரம் முடிகிறது என்பதை நினைவில் வையுங்கள்.

காடே அமைதியாக இருந்தால் பெட்டைக் குரலைவிட ஆந்தைக் குரலோ காகக் குரலோ நல்லது. பட்டை ஆந்தையின் எட்டு ஒலித் தொடரைக் கேட்டதும் சேவல் தன்னையறியாமல் முழங்கிவிடும். அது இருக்கும் இடம் உங்களுக்குத் தெரிந்துவிடும், நீங்கள் இருக்கும் இடத்தில் பெட்டை இருப்பதாக அது நினைக்காது. நெருங்கி அமர்ந்தபின் யெல்பைத் தொடங்கலாம்.

அறிகுறி: உங்கள் அழைப்புக்கு வந்தது வான்கோழி அல்ல, இன்னொரு வேட்டைக்காரர்

அழைப்பு நன்றாக இருந்தால் இதுவும் நடக்கும். அழைக்கத் தொடங்குமுன்பே உங்கள் தோளைவிட அகலமான மரத்தில் முதுகைச் சாய்த்து உட்காருங்கள். சிவப்பு, வெள்ளை, நீலம் உடலில் எங்கும் தெரியக் கூடாது, காலுறையில்கூட. சேவலின் தலையில் உள்ள நிறங்கள் அவை. பொதுக் காட்டில் சேவலின் முழக்கத்தை ஒலிக்கும் கருவியைத் தொடவே தொடாதீர்கள். மனிதர் வருவதைக் கண்டால் கையை ஆட்டவோ, எழவோ, வான்கோழிக் குரல் கொடுக்கவோ வேண்டாம். அசையாமல் இருந்தபடியே, மனிதக் குரலில், உரக்கக் கூப்பிட்டு நீங்கள் இருப்பதைச் சொல்லுங்கள். அவர் பதில் சொல்லி விலகிப் போகும்வரை மரத்தோடு ஒட்டியே இருங்கள்.